தாழியைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

மீலாது மேடைகளிலும் நம் சமுதாய ஏடுகளின் பக்கங்களிலும் நெடுங்காலமாக ஒரு வாதம் உலவி வருகின்றது. பண்டைத் தமிழன் இறந்தாரைத் தாழியில் இட்டு மண்ணில் அடக்கினான். எரிக்கும் வழக்கம் வடக்கேயிருந்து வந்த இரவல். ஆகவே மையித்தை நல்லடக்கம் செய்யும் முஸ்லிமே தொல்தமிழ் மரபின் நேர் வாரிசு என்பது அவ்வாதம். கேட்பதற்கு இனிமையானது, கைத்தட்டலும் தவறாமல் கிடைக்கும். நாமும் அதைப் பேசியிருக்கிறோம். பேசியதோடு நில்லாமல் கட்டுரையாகவும் எழுதி அச்சேற்றியிருக்கிறோம்.

அந்தக் கட்டுரையைப் படித்த திருவரங்கத்து நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பழுத்த வைணவர், ஒரு நாள் மாலை நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பாய், உங்கள் தாழி இருக்கட்டும், பேரெயின் முறுவலாரை எங்கே விட்டுவிட்டீர்கள்?"

அன்று நம்மிடம் விடை இல்லை. வீட்டுக்கு வந்து புறநானூற்றைப் புரட்டி 239ஆம் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். நம்பி நெடுஞ்செழியன் என்னும் தலைவன் இறந்தபோது பேரெயின் முறுவலார் பாடியது அது. அவன் வாழ்ந்த வாழ்வை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கின்றார் புலவர். மகளிரைத் தழுவினான், பூச்சூடினான், பகைவரை வென்றான், நட்டாரை உயர்த்தினான், வலியார் என்று எவரையும் பணியவில்லை, மெலியார் என்று எவரையும் இழிவுபடுத்தவில்லை, யாரிடத்தும் கையேந்தவில்லை, இரந்து வந்தவர்க்கு இல்லை என்னவில்லை. இப்படியே போய், செய்ய வேண்டியவற்றையெல்லாம் அவன் செய்து முடித்துவிட்டான் என்கின்றார். அதன்பின் அவர் சொல்லும் முடிவுதான் நம் வாதத்தின் அடித்தளத்தையே அசைத்துவிடுகின்றது: அவன் உடலைப் புதைத்தாலும் சரி, எரித்தாலும் சரி, எது நேர்ந்தாலும் நேரட்டும் என்று விட்டுவிடுகின்றார். இரண்டும் கண்முன் இருந்த வழக்கங்கள். இரண்டில் ஒன்றைத் தூக்கிப் பிடிக்கப் புலவருக்கு மனமில்லை. எடைக்கல் வாழ்க்கையின் பக்கம் இருக்கின்றதே தவிர ஈமத்தின் பக்கம் இல்லை.

இந்தப் பாட்டை அறியாமலா நம் பேச்சாளர்கள் தாழியைப் பற்றிப் பேசினர்? சிலர் அறியாமல் பேசினர். சிலர் அறிந்தும் விட்டனர். வேண்டிய பாட்டை மட்டும் எடுத்து வேண்டாததை மூடி வைப்பது வழக்காடும் முறையாகலாம். இலக்கியம் படிக்கும் முறையாகாது.

நியாயம் சொல்வதானால், தாழிக்கும் பாட்டுண்டு. அதுவும் நம் ஊர்ப் பாட்டு. இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூரிலிருந்து ஆண்ட சோழன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மாண்டபோது ஐயூர் முடவனார் பாடியது புறநானூற்றின் 228ஆம் பாட்டு. குயவனைப் பார்த்து இரங்குகின்றார் புலவர். இத்தனை பெரும் புகழுடையவனுக்கு ஏற்ற தாழியை நீ எப்படி வனையப் போகிறாய்? நிலவுலகம் முழுவதையும் சக்கரமாக்கி, மேரு மலையையே மண்ணாக்கினாலன்றோ முடியும்? இதனினும் நெஞ்சை உலுக்குவது 256ஆம் பாட்டு. வழியில் கணவனை இழந்த ஒருத்தி, வண்டியின் ஆரக்காலைப் பற்றியபடியே வந்த சிறு பல்லியைப் போல அவனோடு ஒட்டி வந்தவள், தாழியைச் சற்று அகலமாகச் செய், எனக்கும் அதில் இடம் வேண்டும் என்று குயவனிடம் கேட்கின்றாள்.

ஆனால் அதே புறநானூற்றில், சில ஏடுகள் தள்ளி, அதியமானின் உடல் ஈமத்தீயில் எரிவதைப் பார்த்து நிற்கின்றார் ஔவையார். தீ உடலை எரித்தாலும் எரிக்கட்டும், விண்ணளவு உயர்ந்தாலும் உயரட்டும், அவன் புகழ் மாயாது என்கின்றார் (231). உறையூர்ச் சோழன் மண்ணுக்கும் தகடூர் அதியமான் தீக்கும் சென்றனர். இருவரில் எவனைத் தமிழன் அல்லன் என்று தள்ளுவது?

உறையூரின் மற்றொரு மன்னனான கோப்பெருஞ்சோழனின் முடிவு வேறு வகை. மக்களோடு பகைத்து, வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் நீத்தான். ஆறு பிரியும் இடத்தில், புள்ளி நிழலில் அவன் உடல் வாடியதை ஒரு புலவர் பாடுகின்றார். இடம் எது என்று பாட்டில் இல்லை. ஆயினும் நம்மூர்க்காரர் எவரும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் திருவரங்கத் தீவை நினையாமல் அதைப் படிக்க இயலாது. அவனுக்கு எழுந்தது நடுகல். பொத்தியார் அந்தக் கல்லிடம் வந்து தமக்கும் ஓரிடம் கேட்டார்.

இத்தனையையும் ஒரே சட்டியில் இட்டுப் பார்த்த பெருமை சீத்தலைச் சாத்தனாருக்கு உரியது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் புகார் நகரத்துச் சுடுகாடு வருகின்றது. பிணத்தைச் சுடுவோர், வெளியில் இட்டுச் செல்வோர், குழி தோண்டி வைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியால் கவிப்போர் என்று ஐவகையினரும் இரவு பகலாக அங்கே வந்து போகின்றனர். சாத்தனார் பௌத்தர், பிற சமயக் கொள்கைகளை வாதத்தில் வளைத்துப் பிடித்து மடக்கத் தயங்காதவர். அத்தகையவர் இவ்வைந்தில் எது மேல் எது கீழ் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. தவத்தோர், செல்வர், பிள்ளை பெற்ற இளம்பெண்டிர், பாலகர் என்று பாராமல் கூற்றம் அனைவரையும் கொண்டுபோகின்றது என்பதையே கூறுகின்றார். சுடுகாட்டைக் கண்டு அஞ்சி இறந்துபோன பார்ப்பனச் சிறுவனுக்காகக் கண்ணற்ற தந்தையைத் துணையாகக் கொண்ட தாய் தெய்வத்திடம் மன்றாடுவதைத்தான் விரித்து எழுதுகின்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாழி நம்முடைய கபுறு அன்று. ஆதிச்சநல்லூர் முதலாக அகழ்ந்தெடுத்த தாழிகளில் முழு உடலும் உண்டு. வேறெங்கோ கிடந்து பின்னர் பொறுக்கி இடப்பட்ட எலும்புகளும் உண்டு. உடன் இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் படையலும் உண்டு. நம் மையித்தோடு எதுவும் போவதில்லை. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, சந்தூக்கில் சுமந்து சென்று, தலை வடக்கே இருக்க முகத்தை மேற்கே கிப்லாவின் பக்கம் திருப்பி, வெறும் மண்ணில் கிடத்துகின்றோம். பின்னர் ஆளுக்கு மூன்று பிடி மண். பாதுஷாவுக்கும் பக்கீருக்கும் அளவு ஒன்றே. இதற்குத் திருமறையே போதிய ஆதாரம். மண்ணிலிருந்து படைத்தோம், மண்ணுக்கே மீட்போம், மண்ணிலிருந்தே எழுப்புவோம் என்னும் கருத்தை தாஹா அத்தியாயம் கூறுகின்றது. உடன்பிறந்தானைக் கொன்றவனுக்குப் பிணத்தை மறைக்கும் வழியை ஒரு காகம் தரையைக் கீறிக் காட்டிய வரலாற்றை மாயிதா அத்தியாயம் கூறுகின்றது. இந்தச் சான்றுகள் இருக்கும்போது ஆதிச்சநல்லூர்த் தாழியை எதற்காக நீதிமன்றத்துக்கு இழுக்கின்றோம்? நம் நெறி பழமையால் நிற்பதா, கட்டளையால் நிற்பதா?

இனி, எரிப்போரிடம் வருவோம். எரித்தல் என்பது உடலை அவமதிப்பது, பாசமற்ற செயல் என்று எழுதிய நம்மவர் உண்டு. பட்டினத்தார் தம் தாய்க்குத் தீயிட்டபோது பாடிய பாடல்களை ஒரு முறையேனும் படித்தவர் அப்படி எழுதமாட்டார். சுமந்து பெற்று, பாலூட்டி, தோளிலும் மார்பிலும் வைத்து வளர்த்தவளுக்குத் தன் கையாலேயே தீ மூட்ட வேண்டியிருக்கின்றதே என்று நொந்து நொந்து அழுகின்றது அந்தத் துறவியின் குரல். தமிழில் தாயின் சாவைப் பற்றி அதைவிட ஈரமான சொற்கள் அரிது. பாசம் இல்லாத கை மூட்டிய தீ அன்று அது.

அவர்கள் ஏன் எரிக்கின்றனர்? வைதிக நெறியில் உயிருள்ளபோது வேள்வி செய்பவனுக்கு அவன் உடலே கடைசி ஆகுதி. அந்தியேட்டி என்ற சொல்லே இறுதி வேள்வி என்று பொருள்படுவது. உடல் உடுத்துக் களைந்த ஆடை. உயிர் மீண்டும் அதனிடம் பற்றுக்கொண்டு சுற்றாமல் தீ அதை விடுவிக்கின்றது. எஞ்சியதை ஆறு கொண்டு போகின்றது. காவிரிக் கரையில் ஓயாமாரியில் எரியும் சிதையும், மறுநாள் காடாற்றுவதும், அம்மா மண்டபத் துறையில் அஸ்தியைக் கரைப்பதும் இந்த ஒரே எண்ணத்தின் படிகள். உடல் மீண்டும் எழுப்பப்படும் என்று நம்பும் நமக்கு இது ஏற்புடையதன்று. ஆனால் இது ஒரு நம்பிக்கை, அலட்சியம் அன்று.

இந்த நம்பிக்கையின் உள்ளேயே ஒரு விதிவிலக்கு இருக்கின்றது. அதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவரங்கத்து அரங்கநாதர் கோயிலுக்குள் இராமானுசர் சந்நிதி இருக்கின்றது. 1137இல் அவர் பரமபதித்ததாக மரபு கூறும். அவர் எரியூட்டப்படவில்லை, திருப்பள்ளிப்படுத்தப்பட்டார். இன்றும் அங்கே இருப்பது அவருடைய திருமேனியே என்பது அவ்வழியினர் நம்பிக்கை. துறவு பூணும்போதே ஒருவன் தனக்குரிய ஈமக்கடனைத் தானே முடித்துத் தீயைத் துறந்துவிடுகின்றான். தீயைத் துறந்தவனுக்கு மீண்டும் ஏது சிதை? ஆகவே துறவியை மண் ஏற்கின்றது. சிறு குழந்தையையும் மண்ணே ஏற்கின்றது. தமிழகத்தில் இந்துக்களிலேயே இறந்தாரைப் புதைக்கும் சாதியார் பலர். வீரசைவர் அமர்ந்த நிலையில் அடக்கம் செய்வர். இந்து எரிப்பான், முஸ்லிம் புதைப்பான் என்று நாம் வரைந்து வைத்திருக்கும் எல்லைக்கோடு வெறும் வசதிக்காக வரைந்தது.

திருச்சியில் ஒரு பகல் பொழுது நடந்தால் போதும், இது புரிந்துவிடும். நத்ஹர் வலி தர்காவில் நவாப் முஹம்மதலி வாலாஜா அடங்கியிருக்கிறார். 1795இல் சென்னையில் மாண்ட அவரை, அந்த வலியின் காலடியில் கிடத்துவதற்கென்றே இங்கே கொண்டுவந்தனர். 1826இல் இவ்வூருக்கு வந்து குளிக்கும்போது இறந்துபோன ஆங்கிலேயப் பாதிரியார் ஹீபர் தூய யோவான் ஆலயத்தில் புதைக்கப்பட்டார். காவிரிக் கரையில் சிதைகள். பாலத்தைக் கடந்தால் இராமானுசர். இவர்கள் அனைவருக்கும் முன்பே உறையூர்ச் சோழன் கிள்ளிவளவனின் தாழி.

அண்மைக் காலத்திலும் இக்கோடு ஒரு முறை கலைந்தது. 2011இல் திருவரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, பிறப்பால் ஐயங்கார். 2016 டிசம்பர் 6ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் சந்தனப் பேழையில் வைத்து மண்ணில் அடக்கப்பட்டார். அண்ணாவும் எம்.ஜி.ஆரும் அடங்கிய வரிசையில் அவரை வைக்க வேண்டும் என்பது அரசியலின் கணக்கு. மக்கள் வந்து நின்று கும்பிடுவதற்கு ஓரிடம் வேண்டும். ஆற்றில் கரைந்த சாம்பலுக்கு அது இல்லை. சில நாள் கழித்து உறவினர் சிலர் கர்நாடகத்துச் சீரங்கப்பட்டணத்தில், அங்கும் காவிரிக் கரைதான், தருப்பையால் ஓர் உருவம் செய்து எரித்துக் கடன் கழித்தனர். மண்ணும் தீயும் ஒருவருக்கே கிடைத்தன என்று வேடிக்கையாகச் சொன்னவர்களும் உண்டு. நாம் அதில் வேடிக்கையைக் காணவில்லை. ஒரே மனிதரின் சாவில் நாட்டுக்கும் குடும்பத்துக்கும் வெவ்வேறு தேவைகள் இருந்தன.

மேனாட்டில் எரிப்பதற்குக் காரணம் வேறு. 1874இல் இங்கிலாந்தில் மருத்துவர் ஹென்றி தாம்சன் முதலானோர் கல்லறைகளின் நெருக்கத்தையும் சுகாதாரக் கேட்டையும் காட்டி எரியூட்டலுக்கு ஒரு சங்கம் கண்டனர். 1885இல் வோக்கிங்கில் முதல் எரியூட்டல் நடந்தது. 1963இல் கத்தோலிக்கத் திருச்சபையும் தடையைத் தளர்த்தியது. இன்று அந்நாட்டில் இறப்போரில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எரியூட்டப்படுகின்றனர். அங்கே அதில் வேள்வியும் இல்லை, ஆகுதியும் இல்லை. இடத்தட்டுப்பாடு நம்மையும் தொடாமல் இல்லை. சிங்கப்பூரில் 1998 முதல் கபுறுக்குப் பதினைந்து ஆண்டே தவணை. பின்னர் எலும்புகளை எடுத்துப் பலரைச் சேர்த்து மறு அடக்கம் செய்கின்றனர். நம்மவர் அங்கே தீயை நாடவில்லை, மண்ணைப் பகிர்ந்துகொண்டனர்.

நம் இல்லத்தில் பிறந்தே தீயைத் தேர்ந்தவர்களும் உண்டு. இதைப் பேசாமல் விடுவது கோழைத்தனம். உருதுக் கவிஞர் நூன் மீம் ராஷித் 1975இல் இலண்டனில் இறந்தபோது எரியூட்டப்பட்டார். அது அவருடைய விருப்பம்தானா என்று பெரும் சர்ச்சை மூண்டது. அந்தச் சினத்தில் அவர் கவிதையையே தீயில் போட்டுப் பேசினர் சிலர். 1991இல் பம்பாயில் மறைந்த இஸ்மத் சுக்தாய் தாமே விரும்பியபடி எரியூட்டப்பட்டார். மண்ணுக்குள் மூச்சு முட்டும் என்று அவர் அஞ்சியதாகத் தோழி குர்ரதுல் ஐன் ஹைதர் எழுதியிருக்கிறார். அச்சமும் விளையாட்டும் கலந்த அந்தப் பேச்சில் கொள்கை எவ்வளவு, குறும்பு எவ்வளவு என்று பிரிக்க நம்மால் இயலாது. மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பதை ஆலிம்கள் சொல்ல வேண்டியவர்களே, சொல்லட்டும். ஆனால் சுக்தாயின் கதைகளை எடைபோட வந்த விமரிசகன் அவருடைய சாம்பலைத் தராசில் வைப்பது என்ன நேர்மை?

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஒரு நபிமொழியை நாம் எப்போதோ ஒரு முறை மட்டுமே மேடையில் கேட்டிருக்கிறோம். முன் சென்ற சமுதாயத்தில் ஒரு மனிதன், தன் பாவத்தை நினைத்து நடுங்கியவன், மரணப் படுக்கையில் தன் மக்களிடம் வேண்டினான்: என்னை எரியுங்கள், பொடியாக்குங்கள், காற்று வீசும் நாளில் தூவிவிடுங்கள், இறைவன் கையில் அகப்பட்டால் எவருக்கும் இல்லாத வேதனை எனக்குக் கிடைக்கும். மக்கள் அவ்வாறே செய்தனர். அல்லாஹ் நிலத்துக்கும் கடலுக்கும் ஆணையிட்டு அவனை ஒன்று சேர்த்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். உன் மீதுள்ள அச்சத்தால், இறைவா என்றான் அவன். மன்னிக்கப்பட்டான். இது எரிப்பதற்கு அனுமதி அன்று. அறிஞர் எவரும் அப்படிக் கொள்ளவில்லை. ஆயினும் தீயைத் தேர்ந்தவனின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று முதலில் கேட்டவன் இறைவன். நாம் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகின்றோம்.

2020இல் இலங்கையில் நிகழ்ந்தது நினைவிருக்கும். கொரோனாவில் மாண்டோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்று அரசு சட்டம் செய்தது. நிலத்தடி நீர் கெடும் என்றனர். புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டிலும் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும் கேட்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையும் பெற்றோர் இசைவின்றிக் கொழும்பில் எரியூட்டப்பட்டது. அந்தச் சுடலையின் வேலிக் கம்பிகளில் பல சமயத்தாரும் வந்து கபன் துணியைக் கிழித்து வெள்ளை நாடாக்களாகக் கட்டினர். 2021 பிப்ரவரியில் தடை நீங்கியது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடி மண் அவர்களை ஏற்றது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்பும் கேட்டது.

அந்த வேலியில் துணி கட்டிய சிங்களப் பௌத்தரும் தமிழ் இந்துவும் தம் வீட்டுப் பிணங்களை எரிப்பவர்கள். எரிப்பது இழிவு என்று நாம் வாதிட்டிருந்தால் அவர்கள் நம் பக்கம் எப்படி நின்றிருப்பர்? நம்மவர் கேட்டது தீயின் மீது தீர்ப்பு அன்று. தம் பிள்ளையைத் தம் நெறிப்படி வழியனுப்பும் உரிமை. அதே நாட்களில் தமிழகத்தின் பல ஊர்களில் உறவினரும் நெருங்க அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் தூக்கிச் சென்றனர். முஸ்லிமைக் குழியில் இறக்கிய அதே கைகள் இந்துவைச் சிதையில் கிடத்தின. ஒரு யூதரின் பாடை கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிரல்லவா என்று வினவிய செய்தியை அந்த இளைஞர்கள் படித்திருந்தனரோ இல்லையோ, நடந்து காட்டினர். தாழியைப் பற்றிய நம் கட்டுரையை அவர்களில் எவரும் படித்திருக்கமாட்டார்கள் என்பதில் நமக்கு ஒரு சிறு ஆறுதல்.

திருவரங்கத்து நண்பர் சென்ற ஆண்டு காலமானார். கொள்ளிடக் கரைக்கு நாமும் சென்றிருந்தோம். மகன் நீர்க்குடத்தைத் தோளில் ஏற்றி மும்முறை சுற்றி வந்து உடைத்தபின் தீ மூண்டது. நாம் என்ன செய்வது என்று அறியாமல் சற்றுத் தள்ளி மணலில் நின்றுகொண்டிருந்தோம். ஒதுங்கி நிற்கிறோமே என்று எண்ணியோ என்னவோ, அவர் தம்பி வந்து நம் கையைப் பிடித்துத் தம் அருகில் அழைத்துச் சென்று நிறுத்திக்கொண்டார். காற்று ஆற்றின் பக்கமிருந்து வீசியது, நெடுநேரம் நின்றோம்.

நம் பழைய கட்டுரைகள் நூலாகத் தொகுக்கப்படுகின்றன. தாழி பற்றிய கட்டுரையின் கடைசி மூன்று பக்கங்களை எடுத்துவிடும்படி பதிப்பாளருக்கு எழுதிவிட்டோம்.